பேட்டர்சியின் செங்கல் வரிசை வீடுகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மூட்டுவலி தணிந்து, மறுபடியும் காலை நடைக்குச் செல்கிறீர்கள் என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கு அனைவரும் நலம்.

ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும் வீடுகளில் பாதுகாப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் குடியிருக்கும் லண்டன் பேட்டர்சியின் ஷாஃப்ட்ஸ்பரி பார்க் குடியிருப்பைக் கொண்டே சொல்கிறேன். உழைப்பாளர் குடும்பங்களுக்காக 1872இல் தொடங்கி 1877க்குள் கட்டப்பட்ட சுமார் 1,200 வீடுகள் இவை. மதுக்கடைக்கு இடமே இல்லை என்ற கொள்கையுடன் எழுந்தவை. சிக்கனமாகக் கட்டியவர்கள் அழகைக் கைவிடவில்லை என்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. வாசலுக்கு மேல் கூரிய முகப்பு, தெருமுனை வீட்டுக்குக் கூம்புக் கூரையிட்ட சிறு கோபுரம் என்று, சாதாரண இருமாடி வரிசைக்கும் ஒரு கம்பீரத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு வீடுகளுக்கு ஒரே பொதுச்சுவர். புகைக்கூண்டுகளும் அதிலிருந்தே எழுகின்றன. ஆகவே ஒரு வீட்டார் மேலும் கீழும் நகர்த்தும் மரச் சன்னலை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் சன்னல் பொருத்தினால், அல்லது முகப்புக்கு வெள்ளையடித்தால், குலைவது தெரு முழுவதன் ஒருமித்த தோற்றம். தனித்தனிக் கட்டடங்களை மட்டும் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் சேர்க்காமல், இப்பகுதி முழுவதையுமே மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருப்பது அதனால்தான் சரி என்று நினைக்கிறேன்.

பொறியாளரான உங்களுக்குச் சுவைக்கக்கூடிய செய்தி, சுவரின் சாந்து. லண்டனின் மஞ்சள் செங்கல், மண்ணுடன் சுண்ணாம்புக்கல் தூளும் சாம்பலும் கலந்து சுட்டது. அதை இணைத்த சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுவர் உறிஞ்சிய மழைநீர் அந்த இணைப்புகளின் வழியாகவே ஆவியாகி வெளியேறும். உறுதி வேண்டும் என்று பிற்காலத்தில் பலர் அந்த இடுக்குகளில் சிமென்ட் பூசிவிட்டார்கள். வெளியேறும் வழி அடைபட்ட ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது, செங்கல்லின் முகமே செதில் செதிலாக உதிர்கிறது. உதிர்ந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது; செங்கல்லையே மாற்ற வேண்டும். எங்கள் தெருவில் அப்படிச் சிதைந்த சுவர்களைப் பார்க்கும்போது உண்மையாகவே வருந்துகிறேன்.

பழைய கட்டடங்களைச் செப்பனிட்ட காலத்தில், சிமென்ட்டைச் செங்கல்லுக்குச் சேதமின்றிச் சுரண்டி எடுக்க என்ன உளி பயன்படுத்தினீர்கள் என்பதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள். பக்கத்து வீட்டார் இந்தக் கோடையில் அந்த வேலையைத் தொடங்குகிறார்கள். அவர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்