ஆச்சி பேரு

அன்புள்ள மக்கா,

நல்லா இருக்கியா, நேரத்துக்கு சாப்பிடுறியா, கப்பல் இப்போ எந்த ஊர்ல நிக்குது. வாய்ஸ் மெசேஜ் போடலாம்னுதான் பாத்தேன், பேச ஆரம்பிச்சா பாதியில அழுதுருவேன், அதக் கேட்டு நீ அங்க நடுக்கடல்ல உக்காந்து அழுவ, அதான் டைப் பண்றேன். பைய படி, நேரம் கிடைக்கும்போது படி, ஒரே மூச்சுல படிக்கணும்னு இல்ல.

இன்னைக்கி ஆச்சிக்கு முப்பதாம் நாள் பூசை. காலைல அஞ்சரை பூசையவே ஆச்சிக்காக வைக்கச் சொல்லி கருத்து குடுத்திருந்தோம், அப்பா, நான், மும்பை அத்தை, நம்ம தெரு ஜெபக் குழு, அதான் நம்ம அன்பியத்து ஆளுங்க ஒரு இருபது பேரு. பூசை முடிஞ்சி எல்லாரும் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி ஒரு ஜெபமாலை சொல்லிட்டு வந்தோம். உங்க அப்பா வீட்டுக்கு வந்து ஆச்சி கட்டில்ல படுத்து தூங்கிட்டாங்க. இந்த ஒரு மாசத்துல அவங்க பகல்ல தூங்கி இன்னைக்கிதான் பாக்கேன்.

அன்னைக்கி நீ போன்ல "என்னால ஒண்ணுமே செய்ய முடியலயேம்மா"ன்னு மூணு தடவை சொன்ன, நான் பதில் சொல்றதுக்குள்ள லைன் போயிருச்சு. அந்த வார்த்தை எனக்குள்ளயே கிடக்கு. அதனால நீ பாக்காத அந்த ரெண்டு நாளையும் ஒண்ணு விடாம எழுதுறேன், நீ பக்கத்துல நின்ன மாதிரி இருக்கட்டும்.

ஜூலை 26 சனிக்கிழமை நம்ம தூத்துக்குடி பனிமய மாதா கோயில்ல திருவிழாக் கொடியேத்தம். எப்பவும் ஆச்சி வெள்ளன எந்திரிச்சி போற ஆளு, இந்த வருசம் கட்டில்லதான். கொடி ஏறுன நேரம் வெடிச் சத்தமும் சங்குச் சத்தமும் நம்ம வீடு வரைக்கும் கேட்டுது, ஆச்சி கண்ணத் திறந்து நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டு "கொடி ஏறிட்டு"ன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் பேசல. ரெண்டு நாளா கஞ்சித் தண்ணி மட்டும்தான்.

28ந்தேதி ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பிச்சிட்டு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. நம்ம அன்பியப் பொறுப்பாளர் அக்காவுக்குத்தான் முதல்ல போன் பண்ணேன், அவங்க நைட்டியோடயே ஒரு துண்ட போட்டுக்கிட்டு ஓடி வந்தாங்க. திருவிழா நாளுன்னா எல்லா பங்கு சாமியாரும் பாவசங்கீர்த்தனம் கேக்க மாதா கோயிலுக்குத்தான் போயிருப்பாங்க, நம்ம ஃபாதரும் அங்கதான். போன் போட்ட இருபது நிமிசத்துல அந்த கூட்டத்துக்குள்ள பைக்க எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. சாகக் கிடக்கிறவங்களுக்கு பூசுற எண்ணெய எடுத்து அவஸ்தை பூசினாரு. நன்மை, அதான் நற்கருணை அப்பம், முழுசா குடுக்க முடியல, தொண்டைல இறங்காது, அதனால அப்பத்துல ஒரு பொடி மட்டும் கிள்ளி ஒரு ஸ்பூன் தண்ணில வச்சி குடுத்தாரு, ஆச்சி அத முழுங்குச்சு. எனக்கு அந்த ஒரு முழுங்கு போதும் மக்கா. காலைல நாலு மணிக்கு அப்பா கைய பிடிச்சிக்கிட்டே போயிட்டு. உன் போட்டோ, அந்த வெள்ளை யூனிபார்ம் போட்டது, தலைமாட்டுல அதுவே எடுத்து வைக்கச் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு, அப்போவும் அங்கதான் இருந்துச்சு.

நம்ம கோயில்ல துக்க மணி அடிச்சிது. ஊரே திருவிழா லைட்டுல இருக்கு, எல்லா வீட்லயும் சொந்தக்காரங்க வந்திருக்காங்க, அந்த நேரத்துல துட்டி வீடுன்னா யாரு வருவான்னு நான் மனசுக்குள்ள நினைச்சேன். விடியுறதுக்குள்ள தெரு நிறைஞ்சிட்டு. ஃப்ரீசர் பெட்டிக்கு யார் சொன்னா, சாமியானா யார் கட்டினா, நாற்காலி எங்க இருந்து வந்துச்சு, எனக்கு இன்னைக்கி வரைக்கும் முழுசா தெரியாது. முக்கு கடை அண்ணாச்சி ஷட்டர பாதி இறக்கிட்டு வந்து அப்பா பக்கத்துலயே உக்காந்தாரு, சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. மரியாயின் சேனை பொம்பளைங்க மாத்தி மாத்தி உக்காந்து ராத்திரி முழுக்க ஜெபமாலை நிக்காம சொன்னாங்க. நானும் சிஸ்டரும்தான் ஆச்சிய குளிப்பாட்டி அந்த சந்தன கலர் சேலைய கட்டினோம், நீ முதல் சம்பளத்துல எடுத்து குடுத்தது. கழுத்துல உத்தரியம், கையில சிலுவைல பாடுபட்ட சுரூபம். மும்பை அத்தை வரணும்னு ஒரு நாள் வச்சிருந்து 30ந்தேதி சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கப் பூசை.

இப்போ சொல்றத நல்லா கேளு. பெட்டிய தூக்குனது யார் தெரியுமா. 2023 டிசம்பர்ல பெரிய வெள்ளம் வந்துச்சே, 17ந்தேதி ராத்திரி, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு டிவில சொன்னாங்களே, அப்போவும் நீ கப்பல்லதான் இருந்த, மூணு நாள் எங்களுக்கு போனே கிடைக்காம தவிச்சிப் போயிட்டேன்னு சொன்ன. அன்னைக்கி நம்ம தெருவுல இடுப்பளவு தண்ணி, ஆச்சியால நடக்க முடியாது, இளைஞர் இயக்கத்து பசங்க நாலு பேரு பிளாஸ்டிக் நாற்காலில உக்கார வச்சி தலைக்கு மேல தூக்கிட்டு கோயில் ஹால்ல கொண்டு வந்து சேத்தாங்க. அஞ்சு நாள் அந்த ஹால்ல இருந்தோம், எந்த சாமி கும்புடுறவங்கன்னு பாக்காம அத்தன குடும்பமும் அங்க, ஒரே அண்டாவுல கஞ்சி. அதே பசங்கதான் மக்கா இப்போவும் வந்தாங்க. ஒருத்தன் துபாய்க்கு போயிட்டான், அவன் இடத்துல அவன் தம்பி. வண்டி வேண்டாம், ஆச்சிய நாங்களே தூக்கிட்டு போறோம்னு சொல்லிட்டாங்க. வீட்ல இருந்து கோயில், கோயில்ல இருந்து கல்லறை, ஒரு இடத்துலயும் இறக்கல. நீ நின்னிருந்தா முன்னால இடது பக்கம் நின்னிருப்ப, உங்க அப்பா அந்த இடத்துலதான் தோள் குடுத்தாங்க.

தாத்தா குழியிலயேதான் வச்சோம். குழி வெட்டுனவர் தாத்தாவோட எலும்பெல்லாம் ஒரு வெள்ளத் துணியில பத்திரமா கட்டி அப்பாகிட்ட காட்டுனாரு, அப்பா அத ரெண்டு கையாலயும் வாங்கி ஒரு நிமிசம் நெஞ்சோட வச்சிருந்துட்டு திரும்பக் குடுத்தாங்க, ஆச்சி காலடியில வச்சாச்சு. தோணிய ஓட்டுற தண்டலா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போயிட்டு போயிட்டு வந்த மனுசன், ஆச்சி வாசல்ல உக்காந்து உக்காந்து வழி பாத்த காலத்த எத்தன தடவை சொல்லியிருக்கு. இனிமே அந்த வேலை இல்ல. ஃபாதர் தூபம் போட்டு தீர்த்தம் தெளிச்சாரு, எல்லாரும் ஒரு கைப்பிடி மண்ணு போட்டோம். உனக்காக ஒரு கைப்பிடி நான் தனியா போட்டேன், உன் பேரச் சொல்லித்தான் போட்டேன்.

அப்புறம் ஏழு நாளும் வீட்ல அடுப்பு பத்த வைக்க விடல. இன்னைக்கி இந்த வீடு, நாளைக்கி அந்த வீடுன்னு அன்பியத்துல முறை போட்டுக்கிட்டாங்க. வாய்க்கால் விசயத்துல நாலு வருசமா நம்மகூட பேசாத அந்த வீட்டு அம்மா இருக்காங்கல்ல, அவங்களும் மூணாம் நாள் ஒரு தூக்குல சொதி கொண்டு வந்து வாசல்ல வச்சிட்டு உள்ள வந்து ஜெபமாலைல உக்காந்தாங்க. சமாதானம் ஆயிட்டோம்னு சொல்ல மாட்டேன், ஆனா தூக்க கழுவி நான்தான் கொண்டு போய் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க.

ஆகஸ்ட் 5ந்தேதி பெருவிழாவுக்கு நான் போக வேண்டாம்னுதான் இருந்தேன், துட்டி வீடாச்சே. ஃபாதர்தான் "ஆச்சி இருந்தா உங்கள போகச் சொல்லியிருக்காதா"ன்னு கேட்டாரு. சாயங்காலம் சப்பரம் வரும்போது பீச் ரோட்டுல ஓரமா நின்னு பாத்துட்டு வந்தேன். 2023ல தங்கத்தேர் ஓடுனப்போ, அது 16வது தடவையாமே, ஆச்சிய வீல்சேர்ல அதே இடத்துலதான் வச்சிருந்தோம், 1806ல முதல் தேர் ஓடுனதுல இருந்து அது வாயால கதையா சொல்லும். அந்த கூட்டத்துல நின்னு எனக்கு தொண்டை அடைச்சிக்கிட்டு வந்துச்சு, ஆனா போனது நல்லதுதான்.

உங்க டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி, போசன், அந்த பிலிப்பைன்ஸ்காரர் உன்ன கூட்டி வச்சி மெஸ் ரூம்ல எல்லாரும் சேந்து ஜெபமாலை சொன்னோம்னு எழுதியிருந்தல்ல, அத அப்பாகிட்ட வாசிச்சி காட்டினேன். ஃபெர்னாண்டோன்னு உன் பேரப் பாத்துட்டு எங்க ஊரு ஆளான்னு கேட்டவர்தானே அவர். நம்ம பனிமய மாதா சுரூபமே 1555ல மணிலாவுல இருந்து கப்பல்ல வந்ததுதான்னு ஆச்சி அடிக்கடி சொல்லும். அவருகிட்ட சொல்லு, அம்மா ரொம்ப நன்றி சொன்னாங்கன்னு, அவர் குடும்பத்துக்கு ஒரு பூசை கருத்து குடுத்திருக்கேன்னும் சொல்லு. நீ ஒண்ணுமே செய்யலன்னு சொன்னியே, அங்க கடல்ல ஆச்சிக்காக ஜெபமாலை நடந்துச்சுல்ல, அது நீ இருந்ததாலதான நடந்துச்சு.

இப்போ ஒரு முக்கியமான விசயம், இதுக்குத்தான் இவ்வளவு நேரமா டைப் பண்றேன்.

அடக்கம் முடிஞ்ச மறுவாரம் இறந்தவங்க ரிஜிஸ்டர்ல எழுதணும்னு ஃபாதர் கூப்பிட்டாரு. ஆதார்ல ரேசன் கார்டுல எல்லாத்துலயும் தங்கம்னுதான் இருக்கு. ஃபாதர் ஞானஸ்நானப் பேரு என்னன்னு கேட்டாரு, அப்பாவுக்கும் தெரியல எனக்கும் தெரியல. அம்மா பேரு தெரியலயேன்னு அப்பாவுக்கு முகமே சுண்டிப் போச்சு. ஃபாதர் பழைய புத்தகத்த எடுத்துட்டு வந்தாரு, பெரிய தடி புத்தகம், ஓரமெல்லாம் பூச்சி அரிச்சி கிடக்கு, தொட்டாலே பொடி கொட்டுது. 1941 ஆகஸ்ட் மாசத்துல லத்தீன்ல நாலு வரி. ஃபாதர் விரல வச்சி படிச்சிக் காட்டுறாரு, அப்பன் பேரு, ஆத்தா பேரு, ஞானத்தாய் பேரு, அப்புறம் பிள்ளைக்கு வச்ச பேரு தஸ்நேவிஸ் மரியாள். தஸ்நேவிஸ்னா பனிமயம்தான மக்கா, மாதா பேருதான. திருவிழா மாசத்துல பிறந்திருக்கு, மாதா பேர வச்சிருக்காங்க, அந்த மாதாவுக்கு கொடி ஏறினப்புறம் போயிருக்கு. நாப்பத்தொண்ணுல எழுதுன வரிக்கு பக்கத்துல ஓரத்துல இன்னொரு மையில 1961ல தாத்தாகூட கல்யாணம் ஆனத எழுதியிருக்கு. ஞானஸ்நான ஏட்டு ஓரத்துல இப்படித்தான் எழுதி வைப்பாங்களாம், உறுதிபூசுதல், கல்யாணம் எல்லாம், எந்த ஊர்ல கல்யாணம் நடந்தாலும் அந்த பங்குல இருந்து இங்க எழுதி அனுப்பி சேத்துருவாங்களாம். கல்யாணமாகி வந்து முப்பது வருசம் ஆச்சிகூட ஒரே வீட்ல இருந்திருக்கேன், எப்பவாவது சொல்லியிருக்கும், நான் காதுல வாங்காம அடுப்படியில நின்னிருப்பேன். அத நினைச்சா மனசு ஆறமாட்டேங்குது.

"என் மாதா, என் மாதா"ன்னு அது சொல்றத நான் எல்லாரும் சொல்ற மாதிரின்னுதான் நினைச்சிட்டு இருந்தேன்.

மே மாசம் புது பாப்பரசர் வந்தப்போ டிவி பாத்துட்டு "பேரு என்ன"ன்னு கேட்டுச்சு, பதினாலாம் லியோன்னு சொன்னேன், "லியோ என்ன லியோ, சிங்கராயர்னு சொல்லு, எங்க காலத்துல அப்படித்தான் சொல்லுவோம்"னுச்சு. பேருன்னா அதுக்கு அவ்வளவு கவனம். அதனாலதான் இத உன்கிட்ட கேக்கணும்னு இருக்கேன்.

அப்படியே உன் பக்கத்தையும் எடுத்து காட்டச் சொன்னேன். உன் பேரு, உன் ஞானத்தகப்பன் பேரு எல்லாம் அழகா தமிழ்ல எழுதியிருக்கு, ஓரத்துல கல்யாணத்துக்கு விட்ட இடம் காலியா கிடக்கு. நான் ஒண்ணும் சொல்லல. உன்கூட பாலர் சபைல இருந்தானே, பீடத்துல உனக்கு எதுத்தாப்புல மணி அடிப்பானே, அவனுக்கு போன ஞாயிறு கோயில்ல ரெண்டாவது கல்யாண ஓலை வாசிச்சாச்சு. செப்டம்பர் கடைசியில கல்யாணம், பொண்ணு மணப்பாடு. உன்ன ரொம்ப விசாரிச்சான்.

நாளன்னைக்கி வேளாங்கண்ணில கொடி. நம்ம தெருவுல இருந்து நடந்து போனவங்க இந்நேரம் ஊருகிட்ட போயிருப்பாங்க, கிளம்புற அன்னைக்கி நம்ம வீட்டுக்கு வந்து ஆச்சி படத்துக்கு முன்னால ஒரு ஜெபம் சொல்லிட்டுத்தான் போனாங்க, நீ நல்லபடியா இறங்கணும்னு ஒரு மெழுகுதிரி குடுத்து விட்டிருக்கேன்.

அக்டோபர்ல சைன் ஆஃப் கிடைச்சி கப்பல்ல இருந்து இறங்கிரலாம்னு சொன்ன, எப்படியாவது நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால வந்துரு. தாத்தா கல்லறைய வருசா வருசம் நீதான் சுண்ணாம்பு அடிப்ப, போன ரெண்டு வருசமும் ஆள் வச்சி அடிச்சோம், ஓரமெல்லாம் வழிஞ்சி ஒழுங்கா இல்ல. பழைய சிலுவைய எடுத்துட்டு ரெண்டு பேருக்கும் சேத்து கருங்கல்லுல ஒரு பலகை வைக்கலாம்னு அப்பா சொல்றாங்க. கல்லு வெட்டுறவர் செப்டம்பர் 20க்குள்ள பேர எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காரு. அப்பா தங்கம்னு போடணும்கிறாங்க, ஊரே அப்படித்தான கூப்பிட்டுதுன்னு. எனக்கு ரிஜிஸ்டர்ல இருக்குற பேரு போடணும்னு இருக்கு. ரெண்டையும் போட்டா எழுத்துக்கு காசு கூட, அது பெருசில்ல, ஆனா எது முதல்ல வரணும். நீதான் அது மடியில வளந்த பிள்ளை, நீ சொல்றதுதான். யோசிச்சி சிக்னல் கிடைக்கும்போது ஒரு வரி அனுப்பு.

அம்மா