‘ஆல் சீசன்’ டயரும் ஏற்காட்டு மலைப்பாதையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், வேகமான ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு டயர் வாங்குவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ‘ஆல் சீசன் டயர் போட்டுவிட்டால் வெயில், மழை, மலை எதற்கும் கவலையில்லை’ என்று ஒரு வரி. திங்கட்கிழமை நான் கடை திறக்கும்போதே இரண்டு பேர் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கட்டுரையில் மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சேலம் அஸ்தம்பட்டியில் டயர் கடை வைத்திருக்கிறேன். பதினைந்து வயதில் சங்ககிரியில் லாரி டயருக்கு வல்கனைசிங் போடும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். இப்போது வயது 57. ஏற்காடு ரோடு என் கடைப் பக்கம்தான் போகிறது. சனி, ஞாயிறு காலையில் பெங்களூரு, கோவைப் பதிவெண்ணோடு தாழ்வான கார்கள் உறுமிக்கொண்டு கோரிமேடு பக்கம் போவதைத் தினசரி பேப்பர் படிப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பவன். அதில் பாதிக் கார்களின் டயர் எப்படி இருக்கிறது என்பது போகிற சத்தத்திலேயே தெரியும்.

2022 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவர், சொந்தச் சம்பாத்தியத்தில் பெங்களூரிலிருந்து பழைய போர்ஷே கேமேன் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டே பேர் உட்காரும் கார், இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். 2014 மாடல். முன்பு வைத்திருந்தவர் அதிகம் ஓட்டவில்லை. மொத்தமே 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. “டயரை மட்டும் பார்த்துச் சொல்லுங்கண்ணா” என்று கொண்டுவந்து நிறுத்தினார். நான் கேஜை வைத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளந்தேன். முன்னால் ஆறு மில்லிமீட்டருக்கு மேல், பின்னால் ஐந்து. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். “டயர் அருமையா இருக்குது தம்பி, போயிட்டு வாங்க” என்று நானேதான் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது மதியம் கோடை மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கோடையின் முதல் மழை. மாதக்கணக்காக ரோட்டில் படிந்திருந்த தூசி, வண்டி எண்ணெய், உதிர்ந்த இலை எல்லாம் ஊறிக் குழம்பாகிவிடும் நேரம் அது. பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று தடுப்புச் சுவரில் மோதி நின்றது. அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கூடவே வந்த தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் தாங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஏற்காடு போய் வந்த எல்லோருக்கும் தெரியும்.

காரைக் கட்டி இழுத்து வந்தபிறகு டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 1114. அதாவது 2014-ஆம் ஆண்டின் 11-வது வாரத்தில் செய்தது. கம்பெனியிலிருந்து காரோடு வந்த டயர், எட்டு வருடம் ஷெட்டில் நின்றே கிழடாகியிருக்கிறது. நகத்தை வைத்து அழுத்தினால் கொஞ்சமாவது இறங்க வேண்டிய ரப்பர் பலகை மாதிரி இருந்தது. பள்ளங்களின் அடியில் மயிரிழை போல வெடிப்பு. ஆழத்தை அளந்த நான் வயதைப் பார்க்கவில்லை. அந்தப் பையனின் அம்மாவை இன்றும் கடைவீதியில் பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

கை சரியானதும் அவர் கடைக்கு வந்தார். “ஆல் சீசன் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா, அதையே போட்டுடலாம்” என்றார். தங்கள் கட்டுரையில் வந்த அதே வரி. அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கும் சொல்கிறேன்.

ஆல் சீசன் என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவில் இருப்பவர்கள். 1977-இல் குட்இயர் கம்பெனி டியெம்போ என்ற டயரைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அந்தப் பெயர் அங்கே பரவியது. அங்கே வருடத்துக்கு இரண்டு முறை டயரை மாற்றுகிற வழக்கம் உண்டு, கோடைக்கு ஒரு செட், பனிக்காலத்துக்கு ஒரு செட். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்காக வந்ததுதான் ஆல் சீசன். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர் போனால் விறைக்க ஆரம்பித்துவிடும். ஆல் சீசனில் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கிற மாதிரி ரப்பரைக் கலக்கிறார்கள். லேசான பனியைக் கவ்விப் பிடிக்க, ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டிகளில், நாங்கள் பட்டன் என்போம், கத்தியால் கீறியது போல நிறையக் கீற்றுகள் வைக்கிறார்கள். பக்கவாட்டில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று இருக்கும், சேறும் பனியும் என்று அர்த்தம். சிலவற்றில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்திருக்கும். “மலைப் படமே போட்டிருக்குதேண்ணா, ஏற்காட்டுக்குத்தானே?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது மலை ஏறுவதற்கான அடையாளம் இல்லை. பனிச் சோதனையில் தேறிய டயர் என்பதற்கான குறி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். 7 டிகிரிக்கு இறங்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கீழே சேலத்தில் ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடுகிறது, தார் ரோடு அதைவிடவும் கொதிக்கிறது. சுமார் 280 மீட்டர் உயரத்திலிருந்து 1,500 மீட்டருக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அதே வளைவுகளில் பிரேக் போட்டுப் போட்டு இறங்குகிற பாதை இது. வராத பனிக்காகக் கீறிவிட்ட மெத்தென்ற பட்டன்கள் இந்தச் சூட்டில் ஒவ்வொரு வளைவிலும் நெளியும். ஸ்டீயரிங் திருப்பினால் கார் அரை நொடி யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். காய்ந்த ரோட்டில் பிரேக் போட்டால் நிற்கும் தூரமும் கூடும். 300 குதிரைத் திறனுக்குப் பக்கத்தில் இருக்கிற காரில் அந்த அரை நொடி பெரிய விஷயம்.

இன்னொன்று, ‘கோடை டயர்’ என்ற பெயரே நம் ஆட்களைக் குழப்புகிறது. கோடை என்றதும் மழைக்கு ஆகாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மிச்சலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பிரெல்லி பி ஜீரோ மாதிரியான நல்ல கோடை டயர்கள் நனைந்த ரோட்டில் பிரமாதமாகப் பிடிக்கும். ரப்பரில் சேர்க்கிற சிலிக்காவும், தண்ணீரை வெளியே தள்ளும் நீளவாட்டுப் பள்ளங்களும் அதற்காகத்தான் இருக்கின்றன. நம் மழை 20 டிகிரியில் பெய்கிற மழை. அதற்கு இந்த ரப்பர்தான் சரி. டயர் எவ்வளவு உழைக்கும் என்பதைக் காட்ட அதன் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். தேங்கி நிற்கும் தண்ணீரில் ஆபத்தானவை, அந்த எண் 200-க்கும் கீழே உள்ள, பந்தயத்துக்கென்று செய்த டயர்கள்தான். கோவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு அதே டயரோடு ஏற்காட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வராதீர்கள்.

ஆல் சீசனை நான் குறை சொல்லவில்லை. கான்டினென்டல் கம்பெனி டி.டபிள்யூ.எஸ். 06 பிளஸ் என்று ஒன்று செய்கிறது. அதன் பட்டனில் டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகளைப் பதித்திருப்பார்கள். டயர் தேயத் தேய முதலில் எஸ் அழியும், இனி பனிக்கு ஆகாது என்று அர்த்தம். அப்புறம் டபிள்யூ அழியும், இனி மழைக்கு ஆகாது. இப்படி டயரே தன் நிலைமையைச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு. அதன் ட்ரெட்வேர் எண் 560, பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸுக்கு 300. அந்த எண்ணை அப்படியே கிலோமீட்டராகக் கணக்குப் போட முடியாது, ஆனால் எது அதிகம் உழைக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். வாரம் இரண்டு தடவை பெங்களூரு ரோட்டில் நிதானமாகப் போய்வருகிற, மலைப்பக்கம் தலைகாட்டாத ஒருவர் உழைப்பை எண்ணி ஆல் சீசன் கேட்டால் நான் மறுக்க மாட்டேன். காரை எடுத்துக்கொண்டு காஷ்மீர் வரை போகிறேன் என்றால் அதைத்தான் போடச் சொல்வேன்.

சரி, என்னதான் பார்த்து வாங்குவது? முதலில் அந்த நான்கு எண். அது ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான் இப்போது மலைக்கு அனுப்புவதில்லை. புது டயர் என்று விற்பதிலும் இரண்டு வருடம் குடோனில் கிடந்தது வரும், கேட்டு வாங்குங்கள். அடுத்தது அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணும் எழுத்தும். அந்தக் கேமேனுக்கு முன்னால் 235/45 இசட்ஆர் 18, பின்னால் 265/45 இசட்ஆர் 18. முன் டயரில் 94ஒய் என்று இருக்கும். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வேகம் வரை. எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. “சேலத்துல யாருண்ணா முந்நூறுல போறாங்க?” என்று கேட்டு, விலை குறைவு என்று எச் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை. டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அதற்குள் இருக்கிறது. மே மாத மதியத்தில் தொப்பூர் கணவாய் இறங்கிப் பாருங்கள், அது எதற்கு என்று புரியும்.

போர்ஷே போன்ற கம்பெனிகள் தங்கள் காருக்கென்று சோதித்த டயரில் என்0, என்1 என்று தனிக்குறி போடச் சொல்கின்றன. பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி. கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது, ஆனால் என்0-வையும் என்1-ஐயும் கலக்கக் கூடாது. கிடைப்பதுதான் சிரமம். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியை லைசென்ஸுக்குள் கொண்டுவந்ததிலிருந்து, இந்த மாதிரி அளவுகளுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பையனுக்கு ஆறு வாரம் ஆனது. அந்த அவசரத்தைப் பயன்படுத்தி, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பழைய டயரைக் கறுப்பு பாலீஷ் அடித்துத் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறு வாரம் காரை ஷெட்டிலேயே நிறுத்தி வையுங்கள்.

பின்சக்கரம் இழுக்கிற கார்களில் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். காசு போதவில்லை என்று ஒரு ஜோடி மட்டும் மாற்றினால் புதுசு பின்னால்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டுச் சமாளிக்க வழி உண்டு. பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலானவர்களுக்குச் சமாளிக்கத் தெரியாது. நான்கு சக்கரமும் இழுக்கிற கார் என்றால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கெட்டு, டயரைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. சேலத்திலிருந்து ஓட்டிவந்து அடிவாரத்தில் நிறுத்தி, ‘காற்று அதிகமாக இருக்கிறது’ என்று இறக்கிவிடாதீர்கள், சூட்டில் நாலைந்து பவுண்டு ஏறத்தான் செய்யும். இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் ஒட்டும் திரவமும் சின்ன பம்பும்தான் இருக்கும். கல்லில் இடித்து டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அது உதவாது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால், டயரின் வயதை எப்படிப் படிப்பது என்று படத்தோடு ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். போர்ஷேக்காரருக்கு மட்டுமல்ல, குடும்பத்தோடு வாடகைக் காரில் போகிறவருக்கும் உதவும். அடுத்தது, டயர் விற்கிற எல்லாக் கடைகளும் பில்லில் அந்த நான்கு எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் தலையங்கத்தில் வலியுறுத்துங்கள். 2022-க்குப் பிறகு என் கடை பில்லில் அதற்கென்று தனிக் கட்டம் அச்சடித்திருக்கிறேன். அதற்குத் தனியாகச் செலவு எதுவும் ஆகவில்லை.

ஏப்ரல் முதல் கோடை விழா முடியும் வரை, மலை ஏறப் போகிற எந்த வண்டியாக இருந்தாலும் வயது, ஆழம், காற்று மூன்றையும் என் கடையில் இலவசமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். என்னிடம் டயர் வாங்க வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கே கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு டயர் கடைக்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.