கயலுக்கு: முதலில் அந்த லூப்பைப் பார்

அன்புள்ள கயல்,

உன் பவர் சப்ளை இ.எம்.ஐ. சோதனையில், அதாவது மின்காந்த இரைச்சல் சோதனையில், தேறவில்லை என்று தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னைக் கேட்டால் "நல்லாத்தாம்மா போகுது" என்கிறாய். சரி, நான் அதைக் கேட்கவில்லை. அவனுக்கு நீ அனுப்பிய லேஅவுட் படத்தைப் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் லூப்பைப் பார். லூப் என்றால் மின்னோட்டம் சுற்றி வரும் வளையம். உன்னுடையது போன்ற ஃபிளைபேக் பவர் சப்ளையில் பெரிய கெப்பாசிட்டரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட், சென்ஸ் ரெசிஸ்டர் வழியாகத் திரும்பி வரும் வளையம் ஒன்று. அந்தப் பக்கம் டையோடும் அவுட்புட் கெப்பாசிட்டரும் சேர்ந்த வளையம் இன்னொன்று. மின்னோட்டம் வெட்டி வெட்டிப் பாய்வது இங்கேதான். வளையத்தின் பரப்பு கூடக் கூட இரைச்சலும் கூடும். உன் போர்டில் அவுட்புட் கெப்பாசிட்டர் டையோடை விட்டு எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கிட்டே கொண்டு வா.

சுவிட்சிங் அதிர்வெண்ணாக 65 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறாயே, அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! கம்பி வழி இரைச்சலை 150 கிலோஹெர்ட்ஸிலிருந்துதான் அளக்கிறார்கள், அதன் இரு மடங்கான 130-இல் வரும் இரண்டாவது ஹார்மோனிக்கும் அதற்குக் கீழே அடங்கிவிடும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் நீயே யோசித்திருக்கிறாய். இவ்வளவு யோசிப்பவள் எதற்காக ஃபில்டரில் இரைச்சலை மறிக்கும் சுருளை, சோக்குக்கு மேல் சோக்காக அடுக்குகிறாய்? இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் வாசலில் ஃபில்டரைக் குவித்து என்ன பயன்? அதுவும் அந்த ஃபில்டர் மாஸ்ஃபெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரைச்சல் அதைத் தாண்டிக் காற்றிலேயே குதித்துப் போய்விடும்.

மாஸ்ஃபெட்டின் டிரெயினில் 300 வோல்ட் 30 நானோசெகண்டில் ஏறினால், அதற்கும் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே உள்ள வெறும் 10 பிகோஃபாரட் வழியாகவே 100 மில்லிஆம்பியர் பாயும். நீ ஹீட்சிங்க்கை எர்த்தில் கட்டியிருக்கிறாய். அத்தனையும் எர்த் கம்பிக்குள் இறங்குகிறது. ஹீட்சிங்க்கைப் பிரைமரி, அதாவது மின்சாரம் உள்ளே வரும் பக்கத்து, கிரவுண்டோடு சேர். அப்போது அது மின்சாரம் உள்ள உலோகம், யார் கையும் படாமல் மூடி வை. டிரான்ஸ்ஃபார்மருக்குள் பிரைமரிக்கும் அவுட்புட் பக்கச் செகண்டரிக்கும் நடுவே உலோகத் தகடாக ஒரு ஷீல்டு சுற்றச் சொல், அதன் இரு முனையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒய் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கித் தப்பிக்கப் பார்க்காதே. கசிவு மின்னோட்டம் கூடும், அந்தப் பெட்டியைத் தொடப்போவது ஒரு மனுஷன்.

டையோடில் ரிங்கிங், அதாவது மணி அடித்த மாதிரி அதிர்வு, இருந்தால் அதை அடக்கும் ஸ்னப்பரை (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) குத்துமதிப்பாகப் போடாதே. ரிங்கிங் அதிர்வெண் பாதியாகும் வரை டையோடுக்கு இணையாகச் சின்னச் சின்னக் கெப்பாசிட்டராகச் சேர்த்துக்கொண்டே போ. சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே ஏற்கெனவே ஒளிந்திருந்த கெப்பாசிட்டன்ஸ். அது தெரிந்தால் இண்டக்டன்ஸும் கிடைத்துவிடும், ரெசிஸ்டர் மதிப்பும் கணக்கிலேயே வரும். ஆனால் இதெல்லாம் அப்புறம். முதலில் லூப்பைப் பார்.

கோஆக்சியல் கேபிள் நுனியை ஒரு சின்ன வளையமாக்கி ஆஸிலோஸ்கோப்பில் மாட்டி, போர்டின் மேல் மெல்ல நகர்த்து. எந்த இடத்தில் துள்ளுகிறது என்று உனக்கே தெரியும். உள்ளே உயர் மின்னழுத்தம் இருக்கிறது, வளையத்தை நன்றாக இன்சுலேட் செய்துகொள். அசதியாக இருக்கும்போது அந்தப் போர்டைத் தொடவே தொடாதே.

முதல் சோதனையிலேயே தேறும் போர்டு குறைவு, கயல். இது உனக்குத் தெரியாததா? தெரிந்தும் ஏன் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை? கூட வேலை செய்பவர்களிடம் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் சொல்லக்கூடாதா? இத்தனை வருஷம் இதே வேலையைத்தானே நானும் பார்த்தேன். தம்பி வேறு ஒன்றும் சொன்னான். நீயாகச் சொல்லும்போது அதைப் பேசுவோம். அதுவரை எந்தக் கடிதமும் எழுதி யாரிடமும் கொடுத்துவிடாதே.

லைன், நியூட்ரல் இரண்டு கம்பியிலும் எடுத்த இரைச்சல் அளவை எனக்கு அனுப்பு. கூட்டிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே திசையில் போகும் காமன் மோட், கழித்துப் பார்த்தால் ஒன்றில் போய் மற்றதில் திரும்பும் டிஃபரென்ஷியல். சேர்ந்தே பார்ப்போம். எந்நேரமானாலும் கூப்பிடு, நான் விழித்துத்தான் இருக்கிறேன்.

அம்மா

பி.கு.: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய், உடனே அளந்து எழுதி வை. அந்த அவுட்புட் கெப்பாசிட்டரிலிருந்து ஆரம்பி.