செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பழைய கார் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன; வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மோரிஸ் மைனர், ஆஸ்டின் முதலிய பிரிட்டிஷ் கார்களிலும், 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் கண்ட ஒயரிங் கோளாறுகளே இவ்வாண்டு நமது உழைப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன என்பதால், அவற்றையே விரிவாகக் கூற விரும்புகிறேன்.

ஒரு மோரிஸ் மைனரின் வலப்பக்க முகப்பு விளக்கு மங்கலாக எரிகிறது என்பதற்காக, நம்மிடம் வருமுன்பே இரண்டு பல்புகளும், இரு விளக்குகளுக்கும் பொதுவாக மின்சாரம் தரும் டைனமோவும் மாற்றப்பட்டிருந்தன. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் குற்றம் டைனமோவில் இருக்க முடியாது என்பதை யாரும் எண்ணிப் பார்க்காதது வருத்தமளிக்கிறது. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த் கம்பியிலும் (மின்சாரம் காரின் உலோக பாடி வழியே பேட்டரிக்குத் திரும்ப உதவும் கம்பி) மற்றதை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தபோது, ஏறத்தாழ எதுவும் காட்டக்கூடாத இடத்தில் 3 வோல்ட் காட்டியது. எர்த் கம்பியைப் பாடியில் பிடித்திருந்த திருகு துருவேறியிருந்தது; அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி முடுக்கியதும் இரு விளக்குகளும் ஒன்றுபோல் எரிந்தன. பொருளை மாற்றுமுன் அளந்து பார்க்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

1960களின் நடுப்பகுதி வரையிலான பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது பாடியோடு இணைக்கப்பட்ட முனை. இதை அறியாமல் ஒரு கடையில் புது பேட்டரியை முனைகள் இடம் மாறும்படி பொருத்தியதால், நம் உறுப்பினர் ஒருவரின் ரேடியோ கருகியது. நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற விரும்புவோர், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயிலின் இரு ஒயர்களையும் அம்மீட்டரின் ஒயர்களையும் இடம் மாற்றிய பின், டைனமோவின் ஒயர்களைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து வரும் ஒயரால் டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனையைச் சில நொடிகள் மட்டும் தொட்டுப் புதிய துருவத்தைப் பதியவைக்க வேண்டும். விளக்குகளுக்கும் ஸ்டார்ட்டருக்கும் இம்மாற்றத்தால் தொல்லையில்லை.

ஃபியூஸ் பற்றி ஒரு வேண்டுகோள். இக்கார்களில் உள்ள லூகாஸ் நிறுவன ஃபியூஸில் 35 ஆம்பியர் என்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் மட்டுமே. தொடர்ந்தே 35 ஆம்பியரைத் தாங்கும் புதுவகை ஃபியூஸை அவ்விடத்தில் போட்டால், ஃபியூஸுக்கு முன் ஒயர் எரிந்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் பழுப்பு ஒயர்களுக்கோ ஃபியூஸே கிடையாது என்பதால், ஒயர்களின் துணி உறை நைந்த வண்டிகளை நிறுத்தும்போது பேட்டரியைத் துண்டித்து வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தீராமல் நிற்பது ஒன்று. மழை பெய்த மறுநாள் மட்டும் இண்டிகேட்டர் வேலை செய்யாத ஒரு ஹெரால்டில், இண்டிகேட்டருக்குச் செல்லும் பச்சை ஒயர்களின் புல்லட் இணைப்புகளை (குழாயினுள் செருகும் குண்டு வடிவ முனைகள்) பாதி வரை சோதித்துள்ளோம். மீதியை அடுத்த மாதக் கூட்டத்தன்று பார்ப்பதாக உரிமையாளரிடம் உறுதியளித்துள்ளோம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்