புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையில் உடன் நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் கண்ட புற்றுநோய்க்காகச் சிங்கப்பூரின் ஊட்ரமில் உள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில் நான் பெற்றுவந்த கதிர்வீச்சுச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால், எனக்கு முன்பே இதே சிகிச்சையைப் பெற்று, ஆண்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விவரங்களை எல்லாம் கூச்சமின்றி எனக்கு எடுத்துச் சொன்னவர்களுக்கு, நாலு பேர் அறிய நன்றி சொல்ல வேண்டும் என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் இந்நோய்க்கு ஏழெட்டு வாரங்கள் தொடர்ந்து, ஏறக்குறைய 40 அமர்வுகள் செல்ல வேண்டியிருந்தது. நோய் சுரப்பியைத் தாண்டாமல் இருந்து, மருத்துவரும் ஏற்றது என்று முடிவு செய்தால், இப்போது குறிபார்த்துச் செலுத்தும் கதிர்வீச்சின் மூலம் 5 அமர்வுகளிலேயே முடித்துவிடுகிறார்கள். ஒவ்வோர் அமர்விலும் செலுத்தும் கதிரின் அளவு அதிகம் என்பதால், குறி மில்லிமீட்டர் கணக்கில்கூடப் பிசகக் கூடாது. அதற்காக, அரிசிமணியைவிடச் சிறிய தங்கத் துணுக்குகளை முன்கூட்டியே சுரப்பிக்குள் பதித்து, ஒவ்வொரு முறையும் படம் எடுத்து அவை இருக்கும் இடத்தைச் சரிபார்த்த பிறகே கதிரைச் செலுத்தினார்கள். இத்தனை நுட்பம் இருந்தும், சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருந்தால்தான் சுரப்பி எதிர்பார்த்த இடத்தில் நிற்கும், அருகிலுள்ள குடலும் கதிரிலிருந்து தப்பும். அந்த ஆயத்தத்தை நோயாளிதான் செய்துகொண்டு வர வேண்டும்.

மருத்துவமனை கொடுத்த தாளில் இவையெல்லாம் தெளிவாகவே இருந்தன. இருந்தாலும், அறுபதைக் கடந்த ஓர் ஆண், மலத்தையும் சிறுநீரையும் தாம்பத்தியத்தையும் பற்றித் தனக்கு எழும் சந்தேகங்களை யாரிடம் போய்க் கேட்பான்? 1964 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவுக் குழுவுக்கு என் மகள் வற்புறுத்தி அழைத்துச் சென்றிராவிட்டால், நான் எவரிடமும் கேட்டிருக்க மாட்டேன்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரை அங்கேதான் சந்தித்தேன். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிடுகிறேன். "தம்பி, ரெண்டு நாளைக்கு முன்னாலேயே பருப்பு, கடலை, முட்டைக்கோஸ் எல்லாத்தையும் நிறுத்திடுங்க. தண்ணிய கடைசி நேரத்துல மடக்கு மடக்குன்னு குடிச்சா மட்டும் போதாது. முதல் நாள்லேருந்தே உடம்பு காயாமப் பாத்துக்கிட்டாத்தான் சொன்ன நேரத்துக்குப் பை நிறையும்" என்றார். சிகிச்சைக்கு என்னுடன் வரவும் செய்தார். ஓர் அமர்வில், குடலில் வாயு சேர்ந்திருப்பது படத்தில் தெரிந்ததால், மேசையிலிருந்து என்னை இறக்கிச் சற்று நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். நிறைந்த சிறுநீர்ப்பையோடு அந்த நடைவழியில் நான் தவித்துக்கொண்டிருந்தபோது, தமக்கும் இப்படி நேர்ந்ததையும் அதனால் சிகிச்சை எவ்வகையிலும் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லிக்கொண்டே அவர் என்னோடு மெல்ல நடந்தார். அந்த நேரத்தில் வேறு எவர் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா என்பது சந்தேகமே.

அவருடைய மனைவியை நாங்கள் அண்ணி என்றே அழைக்கிறோம். வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடலில் தங்குவதில்லை, பேரக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று என் மனைவிக்குப் பொறுமையாக விளக்கி, வீட்டில் நிலவிய பெரிய பயத்தைப் போக்கியவர் அவர்தான்.

குழுவிலிருந்த சீனப் பெரியவர் ஒருவர், இந்நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவுகளைத் தமக்கெனப் பல ஆண்டுகளாகப் பேனாவால் எழுதிவந்த சிறிய குறிப்பேட்டை என் கையில் கொடுத்தார். கதிர்வீச்சுக்குப் பிறகு அந்த அளவு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் இறங்கும், நடுவே ஒருமுறை ஏறிப் பின்னர் தானாக இறங்குவதும் உண்டு. அப்படி ஏறிய ஓர் எண்ணை விரலால் சுட்டிக்காட்டி, "இதைப் பார்த்து அன்று நான் தூங்கவில்லை, நீங்கள் தூங்குங்கள்" என்று மலாயில் சொன்னார்.

சிகிச்சை தொடங்கிய பிறகல்ல, கதிரை எங்கே, எப்படிச் செலுத்துவது என்று திட்டமிட எடுக்கும் ஸ்கேனுக்கு முன்பே இத்தகையவர்களை ஒவ்வொரு நோயாளிக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

எந்நேரமும் முகம் சுளிக்காத கதிர்வீச்சுச் சிகிச்சையாளர்களுக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், விடுப்பு எடுத்து அலைந்த மகளுக்கும் மருமகனுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இனி குழுவின் கூட்டங்களுக்கு நானும் தவறாமல் வருவேன். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று எவரேனும் கேட்டால், குழுவின் வழியாக என்னை அழைக்கலாம். என்ன சந்தேகமானாலும் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

நன்றியுடன்,
ஈசூன்வாசி ஒருவர்