டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு எந்த ஷாக்: நண்பருக்குக் கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகளின் தேர்வு நல்லபடியாக முடிந்ததையும், நெடுநாளாக எண்ணியிருந்த டிரெய்லரை வாங்கிவிட்டதையும் ஒன்றாகப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். டிரெய்லரைக் கட்டிக்கொண்டு பாலங்களின் மேல் போகும்போது ஒவ்வோர் இணைப்பிலும் பிக்கப்பின் முன்பக்கம் எழுந்து எழுந்து அமர்கிறது, ஓர் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடினமான ஷாக் அப்சார்பர் போட்டால் இது தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வண்டியில் அண்மையில்தான் நான்கு ஷாக்குகளையும் மாற்றினோம். அதை ஒட்டிப் படித்ததும் கையால் தொட்டுப் பார்த்ததும் இன்னும் மனத்தில் பசுமையாக இருக்கின்றன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். ஷாக் அப்சார்பர் சுமையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங்; அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்போது அதன் துள்ளலை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் பிஸ்டன் சிறு துளைகளின் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. அந்த எதிர்ப்பில் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி, ஷாக்கின் உடல் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே டிரெய்லரைக் கட்டியதும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முகப்பு விளக்குகள் மேல்நோக்கிப் பார்க்கின்றன என்றால், அந்தக் குறையை எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கும் தீர்க்காது. அது எடையையும் ஸ்பிரிங்கையும் சார்ந்த விஷயம். அதைச் சரிசெய்த பிறகுதான் ஷாக்கின் பக்கம் வரவேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்பதே நான் உங்களிடம் வற்புறுத்த விரும்புவது.

பந்துக் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. இந்த எடை பின் ஆக்சிலுக்கு நேர்மேலே இறங்காமல் அதற்குப் பின்னால் இறங்குவதால், வண்டி ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 3.6 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து கொக்கி வரை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியில் 300 கிலோ இறங்கினால் பின் ஆக்சிலின் மேல் 400 கிலோ கூடுகிறது. முன் ஆக்சிலிலிருந்து 100 கிலோ குறைகிறது. ஸ்டீயரிங் இலேசாகிவிட்டதாக நீங்கள் உணர்வதற்கு இதுவே காரணம். எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி அமைப்பு இந்தச் சுமையில் ஒரு பகுதியை மீண்டும் முன் ஆக்சிலுக்குக் கொண்டுபோகிறது. உங்கள் வண்டியின் கையேடு அதை அனுமதித்தால் முதல் செலவு அதற்கே ஆகட்டும். முன் சக்கர வளைவின் உயரத்தை டிரெய்லர் இல்லாமல் ஒருமுறையும், கட்டிய பின் ஒருமுறையும் அளந்து குறித்து வையுங்கள். அந்த இரண்டு எண்களும் உங்கள் வண்டி எப்படி நிற்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

இனி ஷாக்கிற்கு வருகிறேன். வெறும் வண்டியாக ஓடும்போது நன்றாகவே இருக்கும் ஷாக், டிரெய்லரைக் கட்டியதும் ஏன் தளர்ந்துபோனதுபோல் தோன்றுகிறது என்பது எனக்கு நெடுநாள் புரியாதிருந்த கேள்வி. இயற்பியல் அதற்கு நேரான விடை தருகிறது. ஆட்டம் எவ்வளவு விரைவாக அடங்கும் என்பது ஷாக்கின் பலத்தை மட்டும் பொறுத்ததன்று. எடையையும் ஸ்பிரிங்கின் கடினத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் ஷாக்கின் பலத்தை வகுக்கும்போது கிடைக்கும் விகிதத்தைப் பொறுத்தது. பின் ஆக்சிலின் மேல் நிற்கும் எடை இரட்டிப்பானால், ஷாக் புத்தம் புதியதாகவே இருந்தாலும் அந்த விகிதம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பின்புறம் தாழ்கிறதே என்று கூடுதல் ஸ்பிரிங் பட்டைகளையோ காற்றுப் பைகளையோ சேர்த்து ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் விகிதம் இன்னும் குறையும். வண்டி மட்டமாக நிற்கும், ஆனால் முன்னைவிட அதிகமாகத் துள்ளும். துணை ஸ்பிரிங் போட்ட பலர் பணம் வீணாயிற்று என்று வருந்துவது இதனால்தான். ஸ்பிரிங்கின் பலத்தைக் கூட்டுகிறவர் ஷாக்கின் பலத்தையும் கூட்டியாக வேண்டும்.

அப்படியானால் கிடைப்பதிலேயே கடினமான ஷாக்கை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் நிதானம் தேவை. ஷாக் அமுங்கும்போது ஓர் எதிர்ப்பையும், நீளும்போது வேறோர் எதிர்ப்பையும் தருகிறது; பெரும்பாலும் நீளும்போது தரும் எதிர்ப்பே அதிகமாக இருக்கும்படி அமைக்கிறார்கள். சுமையால் அமுங்கிய ஸ்பிரிங் மேலே எறிய முயல்வதை அடக்குவது இந்த இரண்டாவது எதிர்ப்புதான். உங்கள் பாலத்து ஆட்டத்திற்கு மருந்தும் அதுவே. ஆனால் அது அளவுக்கு மீறினால், அடுத்தடுத்து மேடுகள் வரும் சாலையில் சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். சஸ்பென்ஷன் ஒவ்வொரு மேட்டிலும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பர் தடுப்பின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அமுங்கும்போது தரும் எதிர்ப்பு மிகுந்தாலோ, ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேரே சேசிஸுக்கும் முதுகுக்கும் ஏறும். டிரெய்லரைக் கழற்றிய பின் வெறும் வண்டியை ஓட்டுவதே தண்டனையாகிவிடும்.

கடையில் உங்கள் முன் இரண்டு வகைகளை வைப்பார்கள். இரட்டைக் குழாய் ஷாக்கில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். வேலை செய்யும் ஆயில் உள்குழாயில், மிகுதி ஆயிலும் குறைந்த அழுத்த வாயுவும் வெளிக்குழாயில். ஒற்றைக் குழாய் ஷாக்கில் ஆயிலையும், சுமார் 20 முதல் 30 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்திய நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்துவைக்கிறது. இந்த வகையை பில்ஸ்டைன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காகப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. டிரெய்லர் இழுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. நீண்ட தூரம், கரடுமுரடான சாலை, மிகுந்த எடை ஆகிய மூன்றும் சேரும்போது ஷாக்கிற்குள் இடைவிடாமல் வெப்பம் உண்டாகிறது. ஆயில் சூடேறி இளகுகிறது. வாயுவோடு கலந்து நுரைத்தால், பிஸ்டன் ஆயிலைத் தள்ளுவதற்குப் பதிலாக நுரையைத் தள்ளுகிறது. ஒற்றைக் குழாயில் ஆயில் இருக்கும் குழாயே நேராக வெளிக்காற்றைத் தொடுவதால் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. அழுத்தமும் நுரையை எழவிடுவதில்லை. நான் ஒற்றைக் குழாயைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: கல்லடி பட்டு அந்த ஒரே குழாயில் பள்ளம் விழுந்தால், பிஸ்டன் உரசுவது அந்தச் சுவரில்தான் என்பதால் ஷாக் அத்தோடு முடிந்தது. நீங்கள் பெரும்பாலும் கல் தெறிக்கும் பாதைகளில் போகிறவர் என்றால் நல்ல இரட்டைக் குழாய் ஷாக்கை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். அதிலும் வெளியே ஒரு குமிழைத் திருப்பி எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் வகை கிடைக்கிறது. பாதி நாள் வெறுமனேயும் பாதி நாள் சுமையோடும் ஓடும் உங்கள் வண்டிக்கு அது மிகவும் பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஷாக்கின் மேலேயே சுருள் ஸ்பிரிங் சுற்றிவரும் ஒரு வகையும் உண்டு. தாழ்வையும் ஆட்டத்தையும் ஒரே பொருள் தீர்த்துவிடும் என்று அதை விற்பார்கள். சிறு சுமைக்கு அது உதவும். ஆனால் ஷாக்கை மாட்டும் தாங்கிகள் ஆட்டத்தை அடக்கும் விசைக்காக அமைந்தவை, நிலையான எடையைச் சுமப்பதற்காக அல்ல. டிரெய்லர் எடைக்கு அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அளவைப் பற்றி ஒரு சொல். முழுதும் அமுங்கிய நீளம், முழுதும் விரிந்த நீளம் ஆகிய இரண்டும் வண்டிக்குப் பொருந்த வேண்டும். சுமையோடு நிற்கும் நிலையில் இரு பக்கமும் அசைய இடம் மிச்சமிருக்க வேண்டும். பின் ஷாக்குகள் எவ்வளவு சாய்ந்து மாட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் குனிந்து பாருங்கள். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் அதன் பயனில் நாலில் மூன்று பங்குதான் மிஞ்சும். 45 டிகிரி என்றால் பாதி. ஆகவே உங்கள் மாடலுக்கென்று அமைத்த ஷாக்கையே வாங்குங்கள். நீளம் ஒத்துவருகிறது என்பதற்காக வேறொரு வண்டியின் ஷாக்கை மாட்டினால் இந்தச் சாய்வுக் கணக்கு தவறிவிடும்.

டிரெய்லர் பக்கவாட்டில் வால் ஆட்டினால், அது வேறு நோய். கொக்கியில் எடை போதாமை, சரக்கைப் பின்னால் ஏற்றியது, டயரில் காற்றுக் குறைவு, மிகுந்த வேகம் ஆகியவற்றிலிருந்து அது வருகிறது. அதற்கு ஷாக்கை நம்பி வேகத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள்.

மாட்டும்போது நான் நேரில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். எங்கள் பழைய பின் ஷாக் ஒன்றைக் கழற்றிக் கையால் அமுக்கியபோது, முதல் சில அங்குலம் எந்த எதிர்ப்பும் இன்றி வெறுமையாக உள்ளே போயிற்று, அதன் பின்புதான் பிடித்தது. வெளியிலோ ஒரு சொட்டு ஆயில் கசிவுகூட இல்லை. கசிவு இல்லை என்பதை மட்டும் வைத்து ஷாக் நன்றாக இருப்பதாக நம்ப வேண்டாம். டயரின் மேற்பரப்பில் கையை ஓடவிட்டு, மேடும் குழியுமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். போல்ட்டை எடுக்கும் முன் ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். பல வண்டிகளில் ஆக்சில் கீழே தொங்காமல் பிடித்துக்கொண்டிருப்பதே ஷாக்தான். இரட்டைக் குழாய் வாங்கினால், மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை இழுத்து அமுக்கி, உள்குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றிவிடுங்கள். ஷாக்கிலிருந்து வெளியே நீளும் பிஸ்டன் தண்டைக் குறடால் பிடிக்கவே கூடாது. ஒரு சிறு கீறல் போதும், ஆயில் சீல் கிழிந்துவிடும். ஷாக்கின் முனைகளில் இருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷின் வழியே போகும் போல்ட்களைக் கடைசியாக முறுக்குவது, வண்டி தன் சக்கரங்களின் மேல் இறங்கி நின்ற பிறகுதான். தூக்கிவைத்த நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கும்போதே புஷ் முறுக்கேறி விரைவில் வெடித்துவிடும். முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த வகை என்றால் அதை அனுபவமுள்ள பணிமனையிடமே விடுங்கள்; அமுக்கிவைத்த ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் முன் இரண்டையும் விட்டுவிட்டுப் பின் இரண்டை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வண்டியின் ஆட்டம் முன்னும் பின்னும் மாறி மாறி எழுவது. எடை குறைந்த முன்பக்கம் மேலே எழும்போது அதைப் பிடித்து நிறுத்துவது முன் ஷாக்தான். எங்கள் வண்டியில் நான்கையும் மாற்றியபின் பால இணைப்பைத் தாண்டியதும் முன்பக்கம் ஒருமுறை எழுந்து அமர்ந்து அத்தோடு நின்றுவிடுகிறது. அடி படுவது குறையவில்லை, சற்றுக் கூடியும் இருக்கலாம். ஆனால் ஆட்டம் தொடரவில்லை. நெடும்பயணத்தின் முடிவில் தோளும் கைகளும் களைக்காமல் இருப்பதை வீட்டில் அனைவரும் கவனித்தார்கள்.

புதிதாக மாட்டிய பின், கரடான பாதையில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ஷாக்கின் அருகிலும் கையை மெல்லக் கொண்டுபோய்ப் பாருங்கள். நன்றாகச் சூடேறியிருக்கக்கூடும், ஆகவே சட்டென்று பிடிக்க வேண்டாம். ஒரே ஆக்சிலில் ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை என்று பொருள். நட்டுகளையும் அப்போதே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

உங்கள் வண்டியின் முன் சக்கர வளைவு உயரங்கள், கொக்கியில் இறங்கும் எடை, பின் ஷாக்கின் சாய்வு ஆகிய மூன்றையும் அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். வாங்கும் முன் இருவரும் சேர்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்