அம்பாசடருக்கு இன்ஜின் மாற்றக் கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்ங்க.

பொங்கல் கழிந்ததில் இருந்து பட்டறைக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அம்பாசடர் ஒண்ணு சும்மா நிக்குது, ஐசுசூ இன்ஜின் ஏத்தணும், எவ்வளவு ஆகும்?" இதுவரைக்கும் நாங்களும் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லி, அப்புறம் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அதைவிடக் கூடுதலாகக் கேட்டு, உங்களுக்கும் சங்கடம் எங்களுக்கும் சங்கடம் என்றே ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் இன்ஜின் மாற்றும் வேலைக்குப் போனில் விலை சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சில வண்டிகளுக்கு அந்த வேலையே வேண்டாம் என்றும் சொல்லப் போகிறோம். வரிசையில் காத்திருப்பவர்களுக்கு இதில் வருத்தம் இருக்கும் என்று தெரியும், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், ஜப்பான் கம்பெனியான ஐசுசூவின் இன்ஜின் ஏன் என்பது. 1957-ல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3 என்ற இங்கிலாந்து காரை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசடரைச் செய்யத் தொடங்கியது. ஆரம்பத்தில் 1476 சி.சி. சைடு வால்வ் இன்ஜின், அப்புறம் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வ். அந்த 1489 முப்பது வருடத்துக்கு மேல் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையையும் சுமந்திருக்கிறது. அதே 1489 சி.சி.யில் வந்த டீசல் இன்ஜினின் சக்தி வெறும் 37 குதிரை. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்து, ஊட்டி மலை ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1990-களின் தொடக்கத்தில்தான் 1817 சி.சி. ஐசுசூ பெட்ரோல் இன்ஜின், சுமார் 75 குதிரைசக்தி, ஐந்து கியருடன் அதே பாடிக்குள் வந்தது. கம்பெனியே அந்த இன்ஜினை அந்த வண்டியில் போட்டு விற்றதால் மவுன்டிங் (தாங்கிப் பிடிக்கும் பிடி), கியர்பாக்ஸ், பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாமே அந்த வண்டிக்கென்றே செய்த சாமானாகக் கிடைக்கும். பொருத்தம் பார்த்து வீட்டாரே முடித்து வைத்த கல்யாணம் மாதிரி. பத்மினி காருக்கு 118 என்.இ. காரில் இருந்த நிஸ்ஸான் 1171 சி.சி. இன்ஜினை ஏற்றுவதையும் ஏறக்குறைய இந்தக் கணக்கில் சேர்க்கலாம், இரண்டும் பிரீமியர் வண்டிகள்தான். இப்போதைய எஸ்.யூ.வி.யில் இருந்து எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் டீசல் இன்ஜினை எடுத்து ஏற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பொருந்தாத ஜாதகத்தை நாமே திருத்தி எழுதுகிற வேலை, எங்களால் ஆகாது.

சரி, எல்லா சாமானும் கிடைக்கிறது என்றால் விலை சொல்வதில் என்ன கஷ்டம்? கஷ்டம் இன்ஜினில் இல்லை, பாடியில் இருக்கிறது.

அம்பாசடருக்கு லாரி மாதிரி, பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் மாதிரி, தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரை, பக்கவாட்டுப் பெட்டி, முன்னால் இன்ஜினைத் தாங்கும் இரண்டு கால்கள் எல்லாம் சேர்ந்த தகரக்கூடுதான் அதன் சேஸிஸ். போன வருடம் பொள்ளாச்சிப் பக்கம் இருந்து 1984 மாடல் மார்க் 4 அம்பாசடர் ஒன்று வந்தது. வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி பெயின்ட், குரோம் எல்லாம் பளபள. நாங்கள் எப்போதும் செய்கிற மாதிரி ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்திப் பார்த்தோம். கதவுக்குக் கீழே வரும்போது காந்தம் பிடிக்கவே இல்லை, பொத்தென்று கீழே விழுந்தது. அங்கே இரும்பே இல்லை, பள்ளத்தை அடைக்கப் பூசும் வெறும் பட்டிப் பூச்சு. உள்ளே மேட்டைத் தூக்கினால் தார் ஷீட், தார் ஷீட்டைக் கிழித்தால் பழைய எண்ணெய் டின்னை வெட்டி ரிவிட் அடித்திருக்கிறார்கள், டின்னில் பாதி எழுத்துகூட அழியாமல் இருந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டால் பட்டறைத் தரையைத் தொடலாம். இதற்கு மேல் 75 குதிரை சக்தியை ஏற்றினால் முன்கால்கள் முறுக்கிக்கொண்டு கதவு மூடாது. அந்த வண்டியில் டிங்கரிங் வேலை மட்டும் மூன்று மாதம் ஓடியது. இன்ஜின் ஏற்ற ஆன நாட்கள் பதினொன்று. இப்போது சொல்லுங்கள், இதைப் போனில் எப்படிக் கணக்குப் போடுவது?

இன்னொன்று, எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். ஆரம்ப காலத்தில் ஏற்றிக் கொடுத்த வண்டி ஒன்று எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உறுமத் தொடங்கியது, கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி மங்கலாகத் தெரியும் அளவுக்கு அதிர்வு. ஷாஃப்டை இரண்டு முறை பேலன்ஸ் செய்தோம், ஷாஃப்ட் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயின்டை மாற்றினோம், டயரைக்கூடச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் கோணம். கியர்பாக்ஸின் பின்முகமும் கிரவுனின் (பின் ஆக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) முன்முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கிரவுனுக்குள் இருக்கும் பினியன் பல்சக்கரம் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அந்தத் துடிப்புதான் அதிர்வாக வருகிறது. கியர்பாக்ஸ் மவுன்டிங்கை நாங்கள் உயரம் கூட்டி வைத்துவிட்டோம், அவ்வளவுதான் விஷயம். மவுன்டிங்கை இறக்கி, பின்னால் ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி கடைந்த தகடு வைத்ததும் அடங்கிவிட்டது. அந்த வாடிக்கையாளர் ஐந்து முறை வந்து போனார், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்றிலிருந்து கோணமானி இல்லாமல் யாரும் மவுன்டிங்கை வெல்டிங் செய்யக்கூடாது என்று சட்டம்.

பிரேக் பற்றி ஒருவரும் கேட்பதில்லை என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதியை லேசாக்கும் பூஸ்டர் கிடையாது, காலைத் தூக்கி வைத்து ஏறி மிதிக்க வேண்டும். ஐந்தாவது கியரில் தொண்ணூறில் போகிற வண்டிக்கு அது போதாது. முன்பக்கம் டிஸ்க்கும் வாக்குவம் பூஸ்டரும் இல்லாமல் இனி எந்த இன்ஜினையும் ஏற்றித் தரமாட்டோம், பணம் மிச்சம் செய்ய வேறு இடம் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டிலேயே கிடைத்துவிடும். டீசலில் கிடைக்காது, தனி பம்ப் வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பின்னால் அந்த பம்ப் ஒட்டியிருக்கும் டீசல் இன்ஜினை எடைக்கடையில் வாங்கி, "ஆல்டர்னேட்டர் பழசு, புதுசு வேற போட்டுக்கலாம்" என்று பம்ப்போடு சேர்த்துக் கழற்றி எறிந்துவிட்டு வந்தவர்களும் உண்டு. கை கியரைத் தரை கியராக மாற்றும்போது நடுத் தரையை வெட்ட வேண்டும், முன் பெஞ்ச் சீட் போய்விடும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், அந்த சீட்டுக்காகவே அழுதவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். இதில்தான் நிறையப் பேர் "அதெல்லாம் பாத்துக்கலாம் அண்ணா" என்கிறார்கள். பார்த்துக்கொள்ள முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இன்ஜின் நம்பரும் சி.சி.யும் எரிபொருளும் மாறிய வண்டி எங்காவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். ஆகவே ஆர்.டி.ஓ. அனுமதி எழுத்தில் வந்த பிறகுதான் இன்ஜின் போல்ட்டில் ஸ்பேனர் வைப்போம். கம்பெனி அதே மாடலில் போட்ட இன்ஜின்தான் என்று காட்டினால் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும், ஆனால் அனுமதி கிடைக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. ஏற்றப் போகிற இன்ஜினுக்கும் பில் வேண்டும், அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். பில் இல்லாத இன்ஜினைப் பட்டறை வாசலுக்குள் இறக்குவதில்லை.

இப்போது வேண்டாம் என்று சொல்லப் போகிற வண்டிகள். முதல் பதிவாகி ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்றால் தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி அந்த வயதுள்ள வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்து 'வி.ஏ.' என்று வரும் நம்பர் வாங்கலாம், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் மூலத்தில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும். ஐசுசூ ஏற்றிய அன்றே அந்தக் கதவு சாத்திவிடும். அந்த நம்பர் வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எதுவானாலும் 1960-களின் மார்க் 2 ஒன்று அதன் சொந்த இன்ஜினோடு உங்களிடம் இருந்தால், எவ்வளவு கொடுத்தாலும் அதில் நாங்கள் கை வைக்கமாட்டோம்.

உண்மையைச் சொன்னால், இன்ஜின் மாற்ற வருகிற பெட்ரோல் வண்டிகளில் பலவற்றுக்குப் பழைய இன்ஜினை ஒழுங்காகச் செய்தாலே போதும். முப்பது வருடமாக ஹெட் திறக்காத இன்ஜினை ஓட்டிவிட்டு "இழுவை இல்லை" என்றால் அது இன்ஜினின் குற்றமா? சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து அடுத்த சைஸ் பிஸ்டன், முடியாவிட்டால் சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் குழல், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், ஹெட் ஃபேசிங். கோயம்புத்தூரில் இதற்கெல்லாம் லேத்துக்குப் பஞ்சமா என்ன? வால்வ் சீட்டுக்கு மட்டும் கடினமான வளையம் அடிக்கச் சொல்லுவோம், ஏனென்றால் அந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது, 2000-ல் இருந்து ஈயப் பெட்ரோல் நாட்டில் கிடையாது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் குழாயும் இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப்பின் டயஃப்ரம் சவ்வும் அதில் ஊறி உப்பி விரிந்துபோகின்றன. வண்டி திணறுகிறது என்று இன்ஜின் மாற்ற வந்த ஒருவருக்கு ஒன்றரை அடி குழாயும் ஒரு டயஃப்ரமும் மாற்றித் திருப்பி அனுப்பினோம்.

ஆகவே இனி நடைமுறை இப்படி. வண்டி பட்டறைக்கு வர வேண்டும். சீட், மேட், தார் ஷீட் எல்லாம் எடுத்து அடியைச் சுரண்டிப் பார்ப்போம், இன்ஜினுக்கு கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்ப்போம். இந்த வேலைக்கு மட்டும் ஒரு கூலி உண்டு, முடிந்ததும் போட்டோவோடு எல்லாவற்றையும் எழுதித் தருவோம். அதை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனாலும் எங்களுக்கு வருத்தமில்லை. எங்களிடமே செய்வதானால் டிங்கரிங், பிரேக், இன்ஜின் என்று மூன்று தவணை. ஒரு கட்ட வேலை முடிந்து நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை கேட்போம். ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்கு இது பொருந்தாது, பேசிய பேச்சுப்படியே முடித்துத் தருவோம்.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, மாதம் ஒரு முறை கையால் ஒரு சுற்று சுற்றி, மேலே தார்ப்பாய் போட்டு வீட்டு மூலையில் வையுங்கள், நாளைக்கு வண்டியைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று உங்கள் மகனோ மகளோ கேட்கலாம். எங்களிடம் விட்டுப் போனவர்கள் தயவுசெய்து ஒரு டெம்போ பிடித்து எடுத்துப் போங்கள். சுவரோரம் ஏழு இன்ஜின் நிற்கின்றன, அதில் ஒன்றின் பின்னால் பூனை வேறு குட்டி போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரர்கள், கோயம்புத்தூர்